உல்லாசக் கப்பலில் எவ்வகுப்பு? – ஒரு கணக்கு

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இப்பொழுது இளைப்பாறும் பருவத்தை எய்தியுள்ளனர். பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களினின்றும் இறப்பர்த் தோட்டங்களினின்றும் தகரப் பெட்டியுடன் விடுதிக்கு வந்து சேர்ந்த சிறுவர்கள், ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் வைத்தியராயும் வணிகராயும் கடமையாற்றி ஓய்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனியாவது நாலிடம் பார்த்து வருவோம் என்று எண்ணத் தொடங்கியிருக்கின்றனர். விழாவையொட்டி ஒன்றாகக் கப்பற்பயணம் போய்வரவேண்டும் என்னும் பேச்சும் சபரகமுவை அன்பரிடையே எழுந்துள்ளது. பேச்சு எழுந்தவிடத்து எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து தடைப்படுகின்றனர். பலரும் செல்லும் பொதுக் கப்பலிற் போவதா, இன்னுஞ் சிறிது பணங் கூட்டி உயர்வகைக் கப்பலிற் போவதா? இந்த ‘இன்னுஞ் சிறிது’ என்பதனுள்ளே எவ்வளவு மறைந்து கிடக்கின்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர்க்கு இவ்வினா எழுந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத்துண்டே அவர்தம் பயணச் சீட்டாயிருந்தது. செலவு தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது. தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியோர் பலர். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தனுக்கோடி – தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கிய பின்னர் அவ்வழியே வந்தோர் அதனினும் பலர். அவருட் தோட்டத் தொழிலாளராயினார் மண்டபம் முகாமில் நாட்கணக்காய்த் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவ்வாண்டு டிசம்பரிற் புயல் தனுக்கோடியை அழித்தது. பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் உறவினர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ‘இராமானுஜம்’ என்னும் கப்பலிற் சென்றனர். வந்தபோதும் சரி, போனபோதும் சரி, எந்த வகுப்பு என்று அவரை யாரும் கேட்டதில்லை.

இதனை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. “தாத்தா தட்டிலே குந்தி வந்தார், பேரன் மேல்மாடத்திலே சாய்ந்து போகட்டுமே” என்று அன்பர் ஒருவர் எம்மிடம் கூறினார். இவ்வுணர்ச்சியை நாம் இகழமாட்டோம். உயர்வகைச் சீட்டு வாங்கும் நம்மவருட் பலரின் நெஞ்சில் இஃது ஒரு மூலையிலேனும் இருக்கும். ஆயினும் உணர்ச்சிக்கு விலை கொடுக்குமுன் அந்த விலை யாதென அறிந்து கொள்ளுதல் நன்று.

முதலில் கப்பல்களின் வகையை நோக்குவோம். ஒரு காலத்திற் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த பிரயாணக் கப்பல்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மக்களை ஏற்றிச் செல்வன. 1961இற் கன்னிப் பயணம் புறப்பட்ட ‘கன்பரா’ என்னும் கப்பலில் முதலாம் வகுப்பு, உல்லாசப் பயணி வகுப்பு என இரண்டு இருந்தன. மேற்படிப்புக்காகச் சீமை சென்ற நம்மவர் பெரும்பாலும் மலிவான வகுப்பிலேயே சென்றனர். விமானம் மலிந்ததும் அத்தகைய கப்பல்களுக்கு வேலை இல்லாது போயிற்று. ‘கன்பரா’வும் 1970களில் வகுப்புப் பிரிவினை நீக்கப்பெற்று, சுற்றுலாவுக்கு மட்டுமே ஓடும் கப்பலாக மாறியது. இன்று பிரிவு வேறு விதமாக அமைந்துள்ளது. ஒரே கப்பலில் இரண்டு வகுப்பு என்பதற்குப் பதிலாக, பொதுக் கம்பெனிகள் ஒருபுறமும் உயர்வகைக் கம்பெனிகள் மறுபுறமுமாக நிற்கின்றன. ரோயல் கரிபியன், கார்னிவல், எம்.எஸ்.சி. முதலியன முதல் வகை. ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன் முதலியன இரண்டாம் வகை.

நம் வீட்டு வாசலிலேயே முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. கோர்டீலியா என்னும் இந்தியக் கம்பெனி அதனை நடத்திற்று. அக்கப்பல் 1990இற் பிரான்சு தேசத்திற் கட்டப்பட்டு, ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்னும் பெயருடன் கரிபியன் கடலில் ஓடத் தொடங்கியது. தென்மேற் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேலைக்கடல் கொந்தளிக்க, கீழைக்கடல் ஒப்பளவில் அமைதியாயிருக்கும் என்பது நம் மீனவர் அறிந்த செய்தி. இரத்தினபுரியில் மழை விடாது கொட்டும் நாட்களிலேயே திருகோணமலையில் வெயில் எரிக்கும். ஆதலின் ஜூன் மாதம் அப்பக்கத்துக்கு ஏற்ற காலமே.

இனி, உயர்வகைக் கப்பலில் அதிகமாகக் கிடைப்பது யாது? விளம்பரத் தாளில் வெள்ளித் தட்டுகளும் பட்டு மெத்தைகளும் தோன்றும். உண்மையில் விற்கப்படும் பொருள் வேறு, அஃது இடம். கப்பலின் பருமனை மொத்தத் தொன் என்னும் அலகாற் கூறுவர். இது நிறை அன்று, கொள்ளளவு. முற்காலத்தில் 100 கன அடி ஒரு தொன்னாகக் கொள்ளப்பட்டது; 1969இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை கணக்கிடும் முறையை மாற்றியபோதிலும், அளக்கப்படுவது இன்றும் கொள்ளளவே. இத்தொகையைப் பயணிகளின் தொகையாற் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது தெரியவரும். விளம்பரத்தின் பத்துப் பக்கங்கள் சொல்லாததை இவ்வொரு வகுத்தற் கணக்குச் சொல்லிவிடும்.

‘எம்பிரஸ்’ கப்பல் ஏறத்தாழ 48,500 தொன்; அறைக்கு இருவராக 1,600 பேர். ஒருவருக்கு 30. 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ ஏறத்தாழ 2,48,000 தொன். அறைக்கு இருவராக 5,600 பேர். ஒருவருக்கு 44. ‘குயீன் மேரி 2’ ஒருவருக்கு 55 அளவில் நிற்கின்றது. ரீஜன்ட் கம்பெனியின் ‘செவன் சீஸ் எக்ஸ்புளோரர்’ 55,000 தொன் அளவினது. பயணிகளோ 750 பேர் மட்டுமே. ஒருவருக்கு 73 வரும். ‘எம்பிரஸ்’ஸைவிட இது சற்றே பெரிய கப்பல், ஏறும் பயணிகளோ பாதிக்கும் குறைவு. நீச்சற் குளத்தருகே நாற்காலிக்குப் போட்டியில்லை, உணவுக்கு வரிசையில்லை, துறையில் இறங்கக் காத்திருப்பில்லை. கூட்டம் இல்லாமை என்னும் இவ்வொன்றே உயர்வகையின் முதற் சிறப்பு.

அறையின் அளவு அடுத்தது. நம் தோட்டத்து லயக் காம்பராவை அறியாதார் இம்மலரைப் படிப்போரிற் சிலரே இருப்பர். வெள்ளைத்துரைமார் கட்டிய பழைய லயங்களில் 10 அடிக்கு 12 அடி என்பது வழக்கமான அளவு. அஃதாவது 120 சதுர அடி. அதனுள் ஒரு குடும்பம் வாழ்ந்தது. பல இடங்களில் இன்றும் வாழ்கின்றது. பொதுக் கப்பலிற் சன்னலில்லா உள்ளறை இதனினும் சற்றே பெரிது, பழைய கப்பல்களில் இவ்வளவேதான். ‘எக்ஸ்புளோரர்’ கப்பலின் மிகச் சிறிய அறை, வெளிமாடத்தையுஞ் சேர்த்து 300 சதுர அடிக்குச் சற்று மேல். (காம்பரா என்பது போர்த்துக்கேயரின் ‘காமரா’ என்னுஞ் சொல்லின் வழிவந்தது. அவர்கள் கப்பலறைக்கு வழங்கும் ‘காமரோட்’ என்பதும் அதே வேரினதே. கப்பலறையும் லயத்தறையும் சொல்லளவில் உடன்பிறந்தவை.) ஒரு வாரம் உறங்கி எழுவதற்கு 120 அடி போதாதா என்பது அவரவர் முழங்காலும் மூச்சும் சொல்லவேண்டிய விடை.

மூன்றாவது, ஊழியம். உயர்வகைக் கப்பல்களில் மூன்று பயணிக்கு இரண்டு ஊழியருக்கு மேல் இருப்பர். பெரிய பொதுக் கப்பல்களில் ஐந்து பயணிக்கு இரண்டு பேர் என்பது ஏறக்குறைய கணக்கு. சில கப்பல்களில் ஒவ்வோர் அறைக்கும், சிலவற்றிற் பெரிய அறைகளுக்கு மட்டும், ‘பட்லர்’ ஒருவர் உண்டு. பெட்டியைத் திறந்து துணி மடிப்பதும் சப்பாத்துத் துடைப்பதும் அவர் வேலை. பெரியதுரை பங்களாவில் அப்புவாக நின்றவரின் பேரனுக்கு இந்த ஊழியம் இன்பந் தருமா, கூச்சந் தருமா என்பதை நாம் முடிவுகட்ட இயலாது. எம்மைக் கேட்பின், எம் சப்பாத்தை நாமே துடைத்துக்கொள்வோம்.

இனி விலைக்கு வருவோம். கப்பல் வணிகத்தில் அடிக்கட்டணம் ஒன்று, அடக்கவிலை வேறொன்று. இது புதிய தந்திரமன்று. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, எதிர்நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாவாக இறக்கிற்று; சுதேசிக் கம்பெனி அரை ரூபாவாக்கிற்று; அதன்மேல் வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். அந்தக் குடை எதற்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தூத்துக்குடி மக்கள் பின்னர் உணர்ந்தனர். இன்றைய பொதுக் கப்பலின் குறைந்த கட்டணத்திலும் யாதோ ஒரு குடை இருக்கின்றது. அறை, பொதுச் சாப்பாடு, அரங்கக் காட்சி ஆகியன மட்டும் கட்டணத்துள் அடங்கும். ஊழியர் இனாம், இணைய வசதி, மது, குளிர்பானம், தனி உணவகங்கள், துறைகளில் ஊர் பார்க்கும் ஏற்பாடு யாவும் தனித்தனியே வசூலாகும். உயர்வகைக் கம்பெனிகள் இவற்றிற் பெரும்பாலனவற்றை முன்னரே சேர்த்து ஒரு தொகை கூறுவன. ஆதலின் இரண்டு விளம்பரத் தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல், அரிசியின் விலையையும் சோற்றுப் பொட்டலத்தின் விலையையும் ஒப்பிடுதல் போலாகும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இவை எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்கள். அன்பர்கள் தமக்குக் கிடைக்கும் உண்மையான எண்களை இவற்றின் இடத்தில் இட்டுக்கொள்வார்களாக. பொதுக் கப்பலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 டொலர் என்க. இனாம் 18, இணையம் 20, ஊர் பார்த்தல் சராசரி 60. கூட்டினால் 248. மது அருந்துபவராயின் பானங்களுக்கென மொத்தமாகக் கட்டும் தொகை 80 டொலர் சேர்ந்து 328 ஆகும். உயர்வகைக் கப்பலில் எல்லாம் உட்பட 650 என்க. விளம்பரத்தைப் பார்த்தவர் வேறுபாடு 500 என்று மலைப்பார். கணக்குப் பார்த்தவர்க்கு அஃது 402 ஆகக் குறையும். மது அருந்துபவர்க்கு 322 ஆகக் குறையும்.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நிற்றல் வேண்டும். எல்லாம் உட்பட்ட கட்டணத்தில் உயர்ந்த திராட்சை மதுவும், மீன்முட்டையும், கடல் நண்டும், மாட்டிறைச்சியும் விலையாக்கப்பட்டுள்ளன. மதுவும் புலாலும் நீக்கிய சைவர் ஒருவர் அந்தச் சீட்டை வாங்கும்போது, தாம் தொடாத பண்டங்களுக்கும் பணம் செலுத்துகின்றார். பக்கத்து மேசைக்காரரின் கிண்ணத்தை இவர் நிரப்புகின்றார். உயர்வகைக் கப்பல்களிலும் மரக்கறி உணவு கிடைக்கும், முன்கூட்டி அறிவித்தால் அக்கறையோடு சமைத்தும் தருவர். அதற்காகக் கட்டணம் குறையாது. மாறாக, இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் பொதுக் கப்பலிற் சைவ உணவு தனிச் சலுகையன்று. அஃது அன்றாடச் சமையல். ஆகவே நம் பிள்ளைகளுட் கனடாவிலோ இங்கிலாந்திலோ வளர்ந்தோர்க்கு இலாபமாகத் தோன்றும் ஒரு சீட்டு, அவரைப் பெற்றோர்க்கு நட்டமாதல் கூடும். உயர்வகையா பொதுவகையா என்னும் வினாவை நம்மவர் ஆராயும்போது இந்த ஒன்றே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

மேற்கூறிய 402 டொலரை இருவருக்கு ஏழு நாளாகப் பெருக்கினால் 5,628 டொலர். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா வீதம் வைத்தால் ஏறத்தாழ 16,88,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டம்பரிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கூலிப்படி இந்த வேறுபாடு 1,250 நாட் கூலி. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் நான்கு ஆண்டுக்கு மேல். இஃது இரு கப்பல்களின் வேறுபாடு மட்டுமே. முழுக் கட்டணம் அன்று. இவ்வாறு கூறுவது, பணமுடையார் செலவிடலாகாது என்பதற்காக அன்று. உழைத்தவர் அனுபவிக்கட்டும். ஆயினும் ஊழியர் சேமலாப நிதியை ஒரே தடவையாகக் கையிற் பெற்ற அன்பர்க்கு 650 என்னும் சிறிய எண் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். அதனை அவர் தமக்குத் தெரிந்த அலகிலே மாற்றிப் பார்ப்பது உதவும். விமானக் கட்டணம், விசா, வைத்தியக் காப்புறுதி ஆகியன இரு கணக்கிலும் சமமாகச் சேரும். கப்பலில் வைத்தியம் இலவசமன்று. நடுக்கடலிலிருந்து ஒருவரைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். காப்புறுதியின்றி எந்த வகுப்பிலும் ஏறலாகாது.

தனியே செல்வார்க்கு வேறொரு பொறி உண்டு. கட்டணங்கள் யாவும் அறைக்கு இருவர் என்ற அடிப்படையிலே கூறப்படுவன. துணையிழந்த அன்பர் ஒருவர் தனியே ஓர் அறை எடுப்பின், பல கம்பெனிகள் ஏறத்தாழ இரண்டு பேருக்கான பணத்தைக் கேட்கும். உயர்வகைக் கப்பலில் அஃது இரட்டிப்புச் சுமை. இரு பழைய விடுதித் தோழர் ஒரே அறையிற் சேர்ந்து கொள்வது நல்ல வழி; குறட்டையைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி விடுதியிலேயே கிடைத்துவிட்டதன்றோ!

அவ்வாறாயின் உயர்வகை யார்க்குத் தகும்? மூட்டுவலியால் நெடுந்தூரம் நடக்கவியலாத பெற்றோரை அழைத்துச் செல்வார்க்குத் தகும். பெரிய பொதுக் கப்பலில் அறையிலிருந்து உணவுக்கூடம் செல்வதே ஒரு தோட்டத்தின் மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கு நடப்பது போலிருக்கும். கூட்டமும் ஓசையும் நோயுற்றார்க்கு வாட்டம் தரும். சிறிய துறைகளைக் காண விரும்புவார்க்கும் தகும். பெருங்கப்பல்கள் புகமுடியாத இடங்களுக்குச் சிறியவை செல்வன. ஆயின் ஒரு செய்தி: சிறிய கப்பல் அலையில் அதிகம் ஆடும். தலைசுற்றும் இயல்பினர்க்கு வகுப்பைவிட அறையின் இடமே முதன்மையானது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் உள்ள அறை ஆட்டம் குறைந்தது. அதுவே பெரும்பாலும் விலையும் குறைந்தது. மேற்றட்டு மாடத்தை ஆசையோடு வாங்கி, அங்கேயே படுத்த படுக்கையாய்க் கிடப்பதிற் பயனில்லை. குறுகிய பயணத்துக்கும் உயர்வு தேவையில்லை. 2024 ஓகஸ்டில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘சிவகங்கை’ப் படகிலும் சாதாரண இருக்கை, உயர் இருக்கை என இருவகை வைத்தனர். சில மணி நேரத்து ஓட்டத்தில் முதுகு எதிலே சாய்ந்திருந்தாலென்ன? அந்தப் பணத்துக்குக் கரையிறங்கி ஒருநாள் கூடத் தங்கலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. எம்.எஸ்.சி. கம்பெனி 2008 முதற்கொண்டு சில கப்பல்களில் ‘யாட் கிளப்’ என்று ஒரு பகுதியை வேலியடைத்தாற்போல் ஒதுக்கி, அங்குள்ளார்க்குத் தனி உணவகமும் தனிக் குளமும் வைத்துள்ளது. ‘குயீன் மேரி 2’ கப்பலிலும் உயர்ந்த அறைகளில் தங்குவோர்க்கென வேறு உணவுக்கூடங்கள் உள்ளன. ‘கன்பரா’வில் ஒழிந்த வகுப்புப் பிரிவினை இவ்வாறு புறவாசலால் மீண்டுவிட்டது. தனிக் குடும்பமாகச் செல்வார்க்கு இது சிக்கனமான ஏற்பாடு. நம் கூட்டப் பயணத்துக்கு இதனை நாம் முற்றாக மறுக்கின்றோம். மேற்பகுதியிற் சீட்டு வாங்கிய நண்பர் கீழே வரலாம். கீழுள்ள நண்பர் மேலே போய் அவரோடு உண்ண இயலாது. அறுபதாண்டு நட்பு, சாப்பாட்டு மணி அடித்தவுடன் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு கதவுகளால் நுழையும். விடுதியில் துரைமகனும் கணக்கப்பிள்ளை மகனும் கொழுந்துக்காரி மகனும் ஒரே பந்தியில் இருந்து உண்டவர்கள் நாம்.

ஆதலின், கூட்டமாகச் செல்வதாயின் எல்லாரும் ஒரே கப்பல், ஒரே வகுப்பு. அந்த வகுப்பைத் தீர்மானிக்க வேண்டியவர் நம்முள் மிகவும் குறைந்த வருவாயுடையவர். அவர் வாய்திறந்து ‘எனக்கு இயலாது’ என்று சொல்லமாட்டார். வேறு வேலையுண்டு, வீட்டில் சுகமில்லை என்று ஏதேனும் கூறி ஒதுங்கிவிடுவார், நாமும் நம்பிவிடுவோம். எனவே கூட்டத்திற் கைதூக்கச் செய்து முடிவெடுத்தலாகாது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தொகையைப் பெயரின்றித் தாளில் எழுதி மடித்துக் கொடுக்க, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு அதற்கேற்ற கப்பலைத் தேடுதல் முறை. வெளிநாட்டு அன்பர்க்கு மேலும் வசதி வேண்டுமாயின், அவர் தம் குடும்பத்துடன் வேறொரு முறை உயர்வகையிற் செல்லட்டும், யார் தடுப்பார்?

பயண நாள் குறிக்குமுன் கவனிக்கவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. சென்னையிற் கப்பலேறி இலங்கைத் துறைகளைத் தொட்டுச் சென்னைக்கே மீளும் பயணத்தில், இலங்கைக் கடவுச்சீட்டு உடையார் இந்தியாவினுள் இருமுறை நுழைகின்றனர். விமானத்தில் ஒருமுறை, கப்பலில் மறுமுறை. ஒருமுறை மட்டும் நுழைய இசைவு தரும் விசா இதற்குப் போதாது. சீட்டுக்குப் பணங்கட்டுமுன், பலமுறை நுழைவதற்கான விசா கைக்கு வந்ததா என்பதைக் குழுவில் ஒருவர் பொறுப்பேற்று, ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும்.